ஸ்பாண்டவரிலிருந்து ரெமோன்ஸ் வெளியே ஓடிவிடுகிறது

டென்மார்க்கில் ஓர்ஹூஸ் நகரில் இருக்கிறேன். ஸ்பாண்டவர் என்ற டேனிஷ் அடுக்கு மாவுப் பேஸ்ட்ரியை ஒரு மாதத்தில் ஐந்து முறை வீட்டில் செய்துவிட்டேன். ஐந்து முறையும் அடுப்பில் வைத்த எட்டாவது நிமிடத்தில் ரெமோன்ஸ் (உள்ளே வைக்கும் இனிப்பு பாதாம் நிரப்பி) உருகி, தட்டில் ஓடிக் கருகிவிட்டது. அதன் மேல் வைக்கும் கஸ்டர்டு அசையாமல் நிற்கிறது.

ரெமோன்ஸுக்கு வெண்ணெய், சர்க்கரை, மர்சிபான் (பாதாமும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த விழுது) தலா 100 கிராம். இது 12 துண்டுகளுக்கு. மாவை மூன்றாக மடிப்பதை மூன்று முறை செய்கிறேன், இடையில் அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். அடுக்குகள் அழகாகப் பிரிகின்றன, அதனால் மாவின் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. வடிவம் செய்த பிறகு 28 டிகிரியில் 45 நிமிடம் பொங்கவிடுகிறேன். அடுப்பு விசிறி இல்லாமல் 200 டிகிரி, 15 நிமிடம்.

இரண்டாம் முறை வெண்ணெயை 75 கிராமாகக் குறைத்தேன். ஓடுவது குறைந்தது, ஆனால் நிரப்பி மணல் போல ஆகிவிட்டது. அடுத்து ஒரு கரண்டி மைதா சேர்த்தேன். பாதாம் மணமே மங்கிப்போனது, ஒழுகலும் நிற்கவில்லை. நான்காம் முறை ரெமோன்ஸை உறையவைத்து வைத்தேன், பலன் இல்லை. கடைசியாக 220 டிகிரி: மேலே கருகி, அடியில் வேகவில்லை.

இங்கே பேக்கரிகளில் வாங்கும் ஸ்பாண்டவரில் அந்த ஈரமான பாதாம் இனிப்பு உள்ளேயே தங்கியிருக்கிறது. அந்தச் சுவைக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறேன். மைதா சேர்க்காமல் ரெமோன்ஸை உள்ளேயே நிறுத்த, பொங்கவிடும் வெப்பத்தைக் குறைக்க வேண்டுமா, அல்லது மர்சிபானின் அளவைக் கூட்ட வேண்டுமா?