[கலைச்சொல்] பேண்ட் லீடர்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் தேவை)

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக க்ளென் மில்லர் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. 'அமெரிக்க பேண்ட் லீடர்' என்பதற்கு 'இசைக்குழு நடத்துநர்' என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்த அம்மா ஓரத்தில் 'எந்த டெப்போ?' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆளைத் தெரியாதவர்களுக்காக: 1904இல் அயோவா மாநிலத்து க்ளாரிண்டாவில் பிறந்தவர். டிராம்போன் என்ற நீண்ட பித்தளை ஊதுகருவி வாசிப்பவர். பிறருடைய குழுக்களில் பல வருடம் வாசித்துவிட்டு 1937இல் சொந்தக் குழு தொடங்கினார், அது படுத்துவிட்டது. 1938இல் மறுபடி ஆள் சேர்த்தார். 1939 கோடையில் நியூயார்க் பக்கம் க்ளென் ஐலண்ட் கேசினோவில் அவர்கள் வாசித்தது வானொலியில் போக, அங்கிருந்து ஏறுமுகம்தான். 1942இல் புகழின் உச்சியில் குழுவைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்குச் சிறு விமானத்தில் கிளம்பினார். விமானமும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

இவரை என்னவென்று அழைப்பது?

செ. எழுதியது:

அன்புள்ள ந., நடத்துநர் வேண்டவே வேண்டாம். ஆர்கெஸ்ட்ராவுக்கு 'இசைக்குழு' என்பதே எனக்கு உடன்பாடில்லை. குழு என்றால் மகளிர் சுய உதவிக் குழுவும் குழுதான். நம்மிடம் 'பல்லியம்' இருக்கிறது. இயம் என்றால் இசைக்கருவி, பல இயம் சேர்ந்தால் பல்லியம். திருமுருகாற்றுப்படையில் முருகனே 'குழலன் கோட்டன் குறும்பல்லியத்தன்' என்றுதான் வருகிறான். குழல் உண்டு, கொம்பு உண்டு, கூடவே பல சிறு வாத்தியங்களும் உண்டு. உங்கள் மில்லருக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி கிடைக்குமா?

என் பரிந்துரை 'பல்லியக்கோ'. கோ என்பது மிகை என்பீர்கள். அவர்கள் ஊரில் இதே மாதிரி குழு நடத்திய எலிங்டனுக்கு டியூக், பேசி என்பவருக்குக் கவுண்ட், குட்மனுக்கு ஸ்விங் என்ற அந்த ஆட்ட இசையின் அரசர் என்று பட்டம். பிரபுப் பட்டத்தை அவர்கள் சூட்டலாம், நாம் ஒரு கோ போடக் கூடாதா?

மு. எழுதியது:

ஐயா, பத்து வயதுப் பிள்ளை 'பல்லியம்' என்று படித்தால் சுவரில் பல்லியைத் தேடும். 'பல்லியக்கோ' என்றால் ஏதோ கம்பெனி என்று நினைக்கும். சாக்ஸபோனை ஏற்றுக்கொண்டோம், ஹார்மோனியத்தை ஏற்றுக்கொண்டு அதில் தேவாரமே பாடிவிட்டோம். பேண்ட் லீடர் என்று அப்படியே விட்டால் என்ன குறைந்துவிடும்?

செ. எழுதியது:

தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு 'பேண்ட்' என்றால் கால்சட்டை. கால்சட்டைக்குத் தலைவர் யார், இடைவாரா?

க. எழுதியது:

இலங்கையில் 'பாண்ட்' என்றுதான் எழுதுகிறோம், அதனால் கால்சட்டைப் பிரச்சினை எங்களுக்கு இல்லை. நான் 'இசை நெறியாளர்' என்பேன். நாடகத்துக்கு நெறியாள்கை என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஆட்களைத் தேர்ந்து, பழக்கி, மேடையில் ஒழுங்காக நிற்கவைக்கிற வேலை முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

இடையில் ஒரு செய்தி. எலிங்டன் 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய சுற்றுப்பயணத்தில் தன் குழுவோடு இலங்கைக்கும் வந்தார். அந்த நாட்களின் தமிழ்ப் பத்திரிகையை யாராவது புரட்டினால் அவரை என்னவென்று எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். நாங்கள் இங்கே இவ்வளவு கதைக்கத் தேவையில்லை.

மு. எழுதியது:

அக்கா, இங்கே நெறியாளர் என்றால் டிவியில் நாலு கட்சிக்காரர்களைக் கத்தவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பவர். அல்லது முனைவர் பட்ட ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பவர்.

அ. எழுதியது:

நான் மெல்லிசைக் குழுவில் டிரம்பெட் வாசித்தவன். இலக்கணம் தெரியாது, வேலை தெரியும். எங்கள் குழுவில் அவரை 'மாஸ்டர்' என்போம். கோல் பிடித்து அசைக்கிறவர் வேறு, பாட்டு அமைக்கிறவர் வேறு. பேண்ட் லீடர் என்றால் முதலாளி. கச்சேரி பிடிப்பது, சம்பளம் கொடுப்பது, தாமதமாக வந்தவனைத் திட்டுவது எல்லாம் அவர். குழு ஓடுவது அவர் பெயரில். மில்லர் கண்டிப்புக்குப் பேர்போனவர். டிராம்போனில் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருப்பது அவருக்கே தெரியும், அதனால் ஓசையை அமைப்பதில் கவனம் வைத்தார். வழக்கமாக சாக்ஸபோன் வரிசைக்கு ஆல்டோ என்ற மேல்குரல் சாக்ஸபோன் முன்னால் நிற்கும். இவர் கிளாரினெட்டை மேலே நிறுத்தினார். அதே மெட்டை டெனர் என்ற கீழ்க்குரல் சாக்ஸபோன் ஒன்று ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும், மற்ற மூன்று சாக்ஸபோன்கள் நடுவில் சுருதி சேர்ந்து நிரப்பும். அவருடைய 'மூன்லைட் செரினேட்' கேளுங்கள், முதல் நாலு வரியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்த ஓசைக்குச் சொந்தக்காரர் என்று பொருள் வருகிற சொல் வேண்டும்.

செ. எழுதியது:

அ. அவர்களே, நீங்கள் சொன்னது சிலம்பு! அரங்கேற்று காதையில் குழல்வழி யாழ், யாழ்வழி தண்ணுமை, தண்ணுமைப் பின்வழி முழவு, முழவோடு ஆமந்திரிகை. குழல்தான் முன்னால். கிளாரினெட்டும் குழல்தானே? அதே காதையில் 'தண்ணுமை அருந்தொழில் முதல்வன்' வருகிறான். அந்த வழியில் 'பல்லிய முதல்வன்' எனலாம். கோவை விட்டுக்கொடுக்கிறேன், பல்லியத்தை விடமாட்டேன். ஆமந்திரிகை என்றால் இடக்கை என்ற தோற்கருவி என்பர். அது இன்றைய எந்தக் கருவி என்பது பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, இரவு விரிவாக எழுதுகிறேன்.

மு. எழுதியது:

முதல்வன் என்றால் கோட்டையில் இருப்பவர், இல்லையென்றால் கல்லூரியில் இருப்பவர். தவிர, 1930களில் ஐனா ரே ஹட்டன் என்ற பெண் முழுக்கப் பெண்களே வாசித்த மெலோடியர்ஸ் என்ற குழுவை நடத்தினார். அவரை முதல்வி என்பதா?

ந. எழுதியது:

நன்றி, ஆனால் நாளை வெள்ளி. 'இசைக்குழுத் தலைவர்' என்று போட்டுவிடலாமா? ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும்.

இன்னொரு சிக்கலும் கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. மில்லர் காணாமல் போன பிறகும் அவர் பெயரிலேயே குழு தொடர்ந்தது. 1946இல் அவரிடம் சாக்ஸபோன் வாசித்த டெக்ஸ் பெனிக்கி முன்னால் நின்று நடத்தினார். இப்படிப்பட்ட குழுவை அங்கே 'கோஸ்ட் பேண்ட்' என்கிறார்கள். 'பேய்க்குழு' என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பதிப்பாசிரியருக்குப் பிடிக்காது.

அ. எழுதியது:

தலைவர் சரி. தலைவர் மறைந்த பின்னும் அவர் படத்தை முன்னால் வைத்து ஆள் மாற்றி ஆள் நடத்துவது நமக்குப் புதிதா? கோஸ்ட் பேண்டுக்குத் தனிச் சொல்லே வேண்டாம், 'மில்லர் பெயரில் தொடர்ந்த குழு' என்று விளக்கமாக எழுதிவிடுங்கள்.

மு. எழுதியது:

எனக்கு இன்னும் பேண்ட் லீடர்தான். ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. தலைவர் ஓகே.

க. எழுதியது:

தமிழ்நாட்டுப் பதிப்புக்குத் தலைவர் என்று போடுங்கள். இங்கே தலைவர் என்றால் சங்கத்துக்கு வருடாவருடம் தெரிவாகிறவர். மில்லரை யாரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யவில்லை. அவர்தான் மற்றவர்களைத் தெரிவு செய்தார். இலங்கையில் அச்சிட்டால் நெறியாளர் என்று மாற்றித் தாருங்கள்.

ந. எழுதியது:

சரி, 'இசைக்குழுத் தலைவர்' என்று அனுப்புகிறேன். மில்லரின் 'சட்டனூகா சூ சூ' பாட்டு 12 லட்சம் பிரதி விற்றதற்காக 1942 பிப்ரவரியில் கொடுத்ததை 'தங்கத் தட்டு' என்று எழுதியிருந்தேன். விருந்துத் தட்டு என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் அதை 'தங்க இசைத்தட்டு' ஆக்கிவிட்டேன். அதற்குத் தனி இழை தொடங்க வேண்டாம், தயவுசெய்து.

செ. எழுதியது:

பெரும்பான்மையால் சொல் பிறப்பதில்லை என்று என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடைப்புக்குறிக்குள் ஒரே ஒருமுறை 'பல்லிய முதல்வர்' என்று போட்டால் யாருக்கு என்ன நட்டம்? 'ன்' போய் 'ர்' வந்திருப்பதைக் கவனிக்கவும்.

ந. எழுதியது:

ஐயா, பக்கத்தில் இடமில்லை. படம் பெரிசு.