கல்லீரல் கட்டிக்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைக்கு முதுகெலும்பு முறிவு

கேள்வி:
என் மகனுக்கு 2 வயது. ஹெப்பாட்டோபிளாஸ்டோமா, அதாவது சின்னக் குழந்தைகளுக்குக் கல்லீரலில் வரும் புற்றுக்கட்டி. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து 2 முறை ஏற்றியாயிற்று. வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தவன், 10 நாளாகக் காலைத் தரையில் ஊன்ற மாட்டேன் என்கிறான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் வீறிட்டு அழுகிறான். அடம்பிடிக்கிறான் என்று நினைத்து ஒருநாள் அதட்டியும் விட்டேன். இன்று எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருப்பது தெரிந்தது. அவன் எங்கேயும் விழவே இல்லை. புற்று எலும்புக்குப் போய்விட்டதா? டாக்டர் "எலும்பு மெலிவு" என்று சொன்னார். அதற்கு மேல் எதுவும் என் காதில் ஏறவில்லை.

பதில் 1:
தம்பி, என் மகளுக்கும் இதே கட்டி. ஒரு வித்தியாசம், அவளுக்கு முறிவைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். முதுகு வலிக்கு எக்ஸ்ரே எடுக்கப்போய், வயிறு பெரிதாக இருக்கிறதே என்று ஸ்கேன் செய்தார்கள். ஒரு மருந்தும் உள்ளே போகாத நேரம் அது. இந்தக் கட்டி இருக்கும் குழந்தைகளுக்கு எலும்பு மெலிவது டாக்டர்களுக்குப் பழக்கமான விஷயம்தானாம். இது பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும், எலும்புக்குப் போவது அபூர்வம் என்றார்கள். ஆனாலும் உங்கள் பையன் படத்தைப் பார்த்தவர் வாயால் கேட்டால்தான் மனசு ஆறும். "இது மெலிவால் நசுங்கியதா, கட்டியா?" என்று நேராகவே கேளுங்கள்.

வைட்டமின் டி உடம்புக்குப் பயன்பட முதல் மாற்றம் கல்லீரலில்தான் நடக்கிறது. அந்த அளவையும், கால்சியம், பாஸ்பேட், மெக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரில் மெக்னீசியத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். நீங்களாகக் கால்சியம் மருந்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், அதட்டியதை நினைத்து மருகாதீர்கள். நான் ஒரு அடியே கொடுத்திருக்கிறேன்.

பதில் 2:
குழந்தைகள் வார்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். அக்குளில் தூக்குவதை இன்றோடு விடுங்கள். ஒரு கை பிட்டத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகும் தலையும் தாங்க, மொத்த உடம்பையும் ஒரே பலகை மாதிரி எடுக்க வேண்டும். டயாபர் மாற்றும்போது இரண்டு காலையும் பிடித்து உயர்த்தாமல் பக்கவாட்டில் உருட்டி மாற்றுங்கள். ரத்தம் எடுக்க, ஸ்கேன் எடுக்க வரும் புது ஆட்களிடம் ஒவ்வொரு தடவையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். கோப்பைப் படித்துவிட்டுத்தான் தூக்குவார்கள் என்று நம்ப முடியாது. அதற்காக மாதக்கணக்கில் படுக்கவும் வைக்காதீர்கள், அசையாவிட்டால் எலும்பு இன்னும் மெலியும். எப்போது உட்காரலாம், நிற்கலாம் என்று கேட்டு வையுங்கள். கால் துவண்டாலோ, சிறுநீர் போவது நின்றாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் கூட்டிப்போங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. கேட்டேன். பரவவில்லை, மெலிவுதானாம். மெக்னீசியம் குறைவாகத்தான் இருக்கிறது, டிரிப்பில் ஏற்றுகிறார்கள். டயாபரை உருட்டித்தான் மாற்றினேன், முனகினான், அழவில்லை. நசுங்கிய எலும்பு பழையபடி நிமிருமா?

பதில் 1:
என் மகளுக்குக் கட்டியை எடுத்த பிறகு, வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. சின்ன வயசு எலும்புக்கு அந்த வசதி உண்டு என்றார் டாக்டர். ஒன்று மட்டும் லேசாகச் சப்பையாகவே நின்றுவிட்டது. அதோடுதான் இப்போது சைக்கிள் ஓட்டுகிறாள்.