பழைய டிஏசி மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ஊம்' சத்தம், திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி:
வணக்கம். அப்பா 1990களில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. இத்தனை நாள் லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேட்டேன். போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒன்று கிடைத்தது. யுஎஸ்பி, ஆப்டிகல் (ஒளி வழியே ஒலி வரும் கேபிள்) இரண்டுக்கும் இணைப்பு உண்டு. மாட்டியதுமே வித்தியாசம் தெரிந்தது. மிருதங்கத்தில் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன.

ஆனால் ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில், தம்புராவுக்கு அடியில் 'ஊம்' என்று ஒரு சத்தம். கூடவே கீச்சென்று இன்னொன்று. மவுஸை நகர்த்தினால் அதன் குரல் மாறுகிறது. வால்யூமைக் குறைத்தால் இரண்டும் குறைகின்றன. டிஏசி பழுதா? திருப்பித் தர இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

பதில் 1:
அவசரப்படாதீர்கள். வால்யூமோடு சேர்ந்து குறைகிறது என்றால் இரைச்சல் ஆம்ப்ளிஃபயருக்குள் பிறக்கவில்லை, வெளியிலிருந்து வருகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். டிஏசிக்குக் கடைக்காரர் கொடுத்த அடாப்டர் சரியானதா என்றும் பாருங்கள். சில டிஏசிகளுக்கு ஏசி அடாப்டர், சிலவற்றுக்கு டிசி. பின் ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
சார்ஜரைப் பிடுங்கியதும் இரண்டு சத்தமும் நின்றுவிட்டன! அடாப்டர் 12 வோல்ட் டிசி, டிஏசியின் பின்பக்கமும் அதுவே எழுதியிருக்கிறது. சார்ஜர், ஆம்ப்ளிஃபயர் இரண்டுமே மூன்று பின். வேறு வேறு சுவர்ப் பிளக்கில் இருக்கின்றன.

பதில் 2:
அப்படியானால் டிஏசி நன்றாக இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டாம். இது கிரவுண்ட் லூப். சார்ஜரின் எர்த் யுஎஸ்பி வழியாக டிஏசிக்கு வருகிறது, அங்கிருந்து, டிஏசியை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் வெளிவலை வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைத் தொடுகிறது. அது ஒரு வளையம். இரண்டு பிளக்கின் எர்த்துக்கும் இடையே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே அதில் மின்சாரம் ஓடும். ஆர்சிஏவில் பாட்டு திரும்பும் வழியும் அந்த வெளிவலைதான் என்பதால், நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் அப்படியே பாட்டோடு கலந்துவிடுகிறது. கீச்சு லேப்டாப்பின் உள் சர்க்யூட்டுகளிலிருந்து அதே வழியில் வருவது.

முதலில் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். செலவே இல்லை.

பதில் 3:
சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் போதும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பதில் 2:
தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நீங்களும் சார்ஜரை மாற்றிவிடுங்கள். உள்ளே இன்சுலேஷன் போனால் உயிரைக் காப்பது அந்தப் பின்தான். உடைக்க வேண்டியது வளையத்தை, எர்த்தை அல்ல.

கேட்டவர்:
ஒரே ஸ்பைக் பஸ்டரில் போட்டேன். 'ஊம்' முக்கால்வாசி போய்விட்டது. கீச்சு அப்படியே இருக்கிறது.

பதில் 2:
எதிர்பார்த்ததுதான். ஆப்டிகலில் வந்தால் ஒளிதான் போகும், மின்தொடர்பே இருக்காது. ஆனால் இப்போதைய லேப்டாப்புகளில் ஆப்டிகல் ஓட்டை அரிது. அதனால் லேப்டாப்புக்கும் டிஏசிக்கும் நடுவில் ஒரு யுஎஸ்பி ஐசொலேட்டர் போடுங்கள். டேட்டாவை மட்டும் விட்டு, மின்தொடர்பைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி அது. விலை குறைந்தவை 12 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடுபவை. உங்கள் டிஏசியின் யுஎஸ்பி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலித் தரம் வரைக்கும்தான் என்றால் அதுவே போதும். டிஏசிக்குத் தனி அடாப்டர் இருப்பதால் கரண்ட் பற்றாக்குறையும் வராது.

கேட்டவர்:
ஐசொலேட்டர் இன்று வந்தது. சார்ஜர் மாட்டியபடியே, பாட்டை நிறுத்தி, வால்யூமை முக்கால் வரை ஏற்றி, ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும்தான். மவுஸை நகர்த்தினேன், ஒன்றுமில்லை. டிவியையும் ஆப்டிகலில் இணைத்தேன், ஆனால் சத்தமே வரவில்லை.

பதில் 1:
டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டைப் பிசிஎம் (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். டால்பியில் இருந்தால் சாதாரண ஸ்டீரியோ டிஏசிக்குப் புரியாது.

கேட்டவர்:
வந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. டிஏசி இங்கேயே இருக்கட்டும்.