யாழ்ப்பாண நாவல்: எந்த ஆண்டில் என்ன இருந்தது?

போர்க்கால யாழ்ப்பாணத்தை எழுதும் பிரதிகளில் அடிக்கடி தட்டுப்படும் பிழை: 1993இல் வீட்டில் மின்விசிறி சுற்றும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. யாழ்தேவி ரயிலும் நின்றது, 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இரவுக் காட்சிக்கு ஜாம் போத்தல் விளக்கு வையுங்கள். போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், கம்பியில் நிறுத்திய திரி. அரசின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, அதனால்தான் இந்தச் சிக்கனம். அந்த வெளிச்சத்தில் கொப்பியைப் படிக்கலாம். ஆனால் அறையின் மறுமூலையில் இருப்பவர் முகம் வாடியதை எழுதினால் காட்சி பொய்த்துவிடும். ரேடியோவுக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுப்பார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் அறுந்துபோகும்.

---

யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிந்தது 1981 மே 31 இரவு. திருத்திய கட்டடம் வாசகருக்குத் திறந்தது 2000களின் தொடக்கத்தில். 2005இல் அங்கே போகும் பாத்திரத்துக்குச் சாம்பல் மணக்காது, புதுச் சுவர்தான் தெரியும்.

---

இடப்பெயர்வு அத்தியாயத்தில் "சனம் ஓடியது" என்று எழுதுகிறார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு ஓட இடமே இருக்கவில்லை. இராணுவம் நெருங்க, எல்லாரையும் வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். குடாநாட்டின் மேற்கே, யாழ் நகரை அடக்கிய வலிகாமத்துச் சனம் கிட்டத்தட்ட முழுக்கவே வெளியேறி, பெரும்பாலும் செம்மணி, நாவற்குழிப் பாலம் வழியாகக் கிழக்கே தென்மராட்சிக்குள் இறங்கியது. நெரிசலில் அடி அடியாகத்தான் நகரலாம். இருபக்கமும் உப்புநீர், குடிக்கத் தண்ணியில்லை. கொட்டிய மழையைக் குடையைக் கவிழ்த்து ஏந்திக் குடித்தார்கள். பாத்திரங்களைப் பிரிக்க ஷெல் விழ வேண்டியதில்லை, மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளுபவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தாலே போதும்.

---

இதே திகதியில் இன்னொன்றும் நடந்தது. சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். இழப்பைப் பேசும் நாவலில் அவர்கள் வாழ்ந்த சோனகதெரு வராமல் போவது பெரிய குறை. 1991 தொடங்கி 1995 வரை அந்த வெறும் வீடுகளைக் கடந்து சைக்கிளில் போன தமிழ்ப் பாத்திரம் என்ன நினைத்தது, வீட்டில் அதைப் பற்றிப் பேசினார்களா? செம்மணி வீதியில் நிற்கும்போது அது ஞாபகம் வந்ததா? இவற்றை ஒரு வரியில் தொட்டுவிட்டு நகராமல் முழு அத்தியாயமாக எழுதுங்கள்.