லீட், பிரிங்: ‘வழிவகுத்தது’ விட்டால் வேறு சொல் இல்லையா?

அச்சுப்படி:
சுகாதாரக் கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. லீட், பிரிங் என்ற ஆங்கில வினைகள் இரண்டும் பக்கத்துக்கு நாலு தடவை வருகின்றன. ‘லீட் டு’ வந்த இடமெல்லாம் ‘வழிவகுக்கிறது’ என்று போட்டால், நோய்க்கு யாரோ பாதை போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது. உதாரணம்: ‘அன்ட்ரீட்டட் டயபடீஸ் கேன் லீட் டு பிளைண்ட்னஸ்’. இன்னொன்று, ‘ஸ்ட்ரெஸ் கேன் பிரிங் ஆன் அன் ஆஸ்துமா அட்டாக்’. மூன்றாவது, ‘பிரிங் த சைல்ட் டு த கிளினிக்’. இதைக் ‘குழந்தையைக் கொண்டு வரவும்’ என்று எழுதியதைச் சரிபார்ப்பவர் அடித்துவிட்டார். எது நேர்ப்பொருள், எது உருவகம் என்று பிரிக்க ஏதாவது பிடி உண்டா?

நடுப்பக்கம்:
உண்டு. கூட்டிப் போகிறவர், கூடப் போகிறவர், புறப்பட்ட இடம், போய்ச் சேரும் இடம். இந்த நான்கும் கண்ணுக்குத் தெரிந்தால் நேர்ப்பொருள். நர்ஸ் நோயாளியை ஸ்கேன் அறைக்கு லீட் செய்தால் ‘அழைத்துப் போனார்’ என்று நேராக எழுதிவிடலாம். உங்கள் டயபடீஸ் வாக்கியத்தில் இடமும் இல்லை, நடையும் இல்லை. அங்கே லீட் என்ற வினையைத் தேடாதீர்கள், காரணத்தையும் விளைவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இதை இரண்டு வகையாகச் சொல்லும். நடந்து முடிந்ததென்றால் ‘ஆல்’ உருபு, கூடவே ஒரு தன்வினை: ‘மழையால் வெள்ளம் வந்தது’. நடக்கக்கூடியதென்றால் நிபந்தனை எச்சம், கூடவே ‘லாம்’: ‘சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்காமல் விட்டால் கண் பார்வை போகலாம்’. ஆங்கிலத்தின் ‘கேன்’ அந்த ‘லாம்’ உள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘பார்வையிழப்புக்கு வழிவகுக்கக்கூடும்’ என்பதை மருத்துவமனை வரிசையில் நிற்கிற ஒருவர் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும்.

‘வழிவகு’ தவறான சொல் இல்லை. வகுத்தல் என்றாலே யோசித்து ஒழுங்கு செய்தல். அதனால் மனிதர் திட்டமிட்டுச் செய்த காரியத்துக்கு நன்றாகப் பொருந்தும்: ‘இந்தத் திருத்தம் மகள்களும் சொத்தில் பங்கு பெற வழிவகுத்தது’. விபத்து, நோய், நஷ்டம் இவற்றுக்குப் போட்டால்தான் உறுத்துகிறது.

காஸ் (நேராகக் காரணமாவது) என்பதும் லீட் டு என்பதும் ஒன்றல்ல. லீட் டு வரும்போது நடுவில் படிகள் இருக்கின்றன. சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடும், கசியும், பிறகுதான் பார்வை மங்கும். அந்த மெதுவான நகர்வைக் காட்ட வேண்டுமென்றால் பேச்சுத் தமிழிலேயே ஒரு சொல் இருக்கிறது: ‘கொண்டுபோய் விடும்’. ‘கவனிக்காமல் விட்டால் கடைசியில் பார்வை இழப்பில் கொண்டுபோய் விடும்’. கெட்ட முடிவுக்கு இதைவிட இயல்பான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிங் ஆன் வேறு. உள்ளே ஏற்கெனவே இருக்கிற நோயைத் திடீரென்று கிளப்பிவிடுவது அது. ‘மன அழுத்தம் கூடினால் ஆஸ்துமா இழுப்பு கிளம்பலாம்’ என்று எழுதுங்கள். ‘மன அழுத்தத்தால் ஆஸ்துமா வரும்’ என்று எழுதிவிட்டால் மருத்துவச் செய்தியே மாறிப்போகும். இந்த ஒரு இடத்தில் கவனமாக இருங்கள்.

பழந்தமிழில் லீட் என்பதற்கு ஒரு நல்ல வினை இருந்தது: உய்த்தல். ‘அடக்கம் அமரருள் உய்க்கும் அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்’ என்ற 121ஆம் குறளில் நல்ல முடிவுக்கும் கெட்ட முடிவுக்கும் அதே வினைதான். கையேட்டில் போட முடியாது என்பது வருத்தம்தான்.

கரும்பலகை:
குழந்தை வாக்கியத்தில் சரிபார்ப்பவர் செய்தது சரி. ஆங்கிலத்தில் பிரிங் ஒன்றே ஆளுக்கும் பொருளுக்கும் போதும். தமிழில் வருகிறவர் தானே நடப்பாரா என்று பார்த்துத்தான் சொல் எடுக்க வேண்டும். நடக்கிற பிள்ளை என்றால் ‘கூட்டி வாருங்கள்’ அல்லது ‘அழைத்து வாருங்கள்’. கைக்குழந்தை என்றால் ‘தூக்கி வாருங்கள்’. ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு என்றால் ‘கொண்டு வாருங்கள்’ அல்லது ‘எடுத்து வாருங்கள்’. மயங்கிக் கிடப்பவரைத்தான் ‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள்’ என்போம். நம் ஊர் மருத்துவமனைப் பதிவுகளில் வரும் ‘பிராட் டெட்’ இந்த வகை, ‘கொண்டு வரும்போதே உயிர் இல்லை’. கையேடு எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் என்றால் ‘குழந்தையுடன் வாருங்கள்’ என்று எழுதிவிட்டால் சிக்கலே இல்லை.

பிரிங், டேக் திசை விஷயத்தில் தமிழர்கள் பயப்பட வேண்டாம். கேட்பவர் இருக்கும் இடத்துக்குப் போவதையும் நாம் ‘உங்க வீட்டுக்கு வர்றேன்’ என்றுதான் சொல்கிறோம். அதனால் ‘நாளைக்குக் கொண்டு வர்றேன்’ என்று வாயில் வருகிற இடத்தில் பிரிங், ‘கொண்டு போறேன்’ என்று வருகிற இடத்தில் டேக். பெரும்பாலும் தப்பாது.

ஆங்கிலத்தில் திருப்பி எழுதும்போது அடிக்கடி விழுகிற பிழைகள் இரண்டு. லீட் என்பதன் இறந்தகாலம் லெட், அதில் ‘ஏ’ எழுத்து கிடையாது. ரீட் என்பது இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் உச்சரிப்பு மட்டும் ரெட் ஆவதால், இதையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அடுத்தது, விளைவைச் சொல்லும் ‘லீட் டு’ என்பதில் டு ஒரு முன்னிடைச்சொல். பின்னால் பெயரோ ‘இங்’ வடிவமோதான் வரும்: ‘லெட் டு ஹிஸ் லீவிங்’. நடுவில் ஆள் வந்தால் மட்டுமே வெறும் வினை: ‘லெட் ஹிம் டு லீவ்’.

கூட்டத் தேதி பற்றி வரும் ‘பிராட் ஃபார்வர்ட்’ என்பதை ‘தள்ளி வைத்தார்கள்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இருபதாம் தேதியிலிருந்து பதினைந்துக்கு வந்தது என்று தேதிகளையே எழுதுங்கள்.

சுவடி:
ஒரே வினையைப் பொருள் பார்த்துப் பிரிப்பதற்குத் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் பார்க்கலாம். 23ஆம் சங்கீதத்தில் பழைய ஆங்கிலப் பதிப்பு இரண்டு இடத்திலும் லீட் என்ற ஒரே வினையை வைக்கிறது. தமிழில் தண்ணீர் அருகே ‘கொண்டுபோய் விடுகிறார்’, நீதியின் பாதைகளில் ‘நடத்துகிறார்’. எபிரேய மூலத்திலும் அவை இரண்டு வேறு வினைகள். மத்தேயு 7இல் அழிவுக்கு லீட் செய்யும் வாசல் தமிழில் ‘கேட்டுக்குப் போகிற வாசல்’. நம் மொழியில் சாலையும் வாசலும் தாமே போகும், யாரையும் அழைத்துப் போக வேண்டியதில்லை. ‘இந்தச் சாலை மதுரைக்கு இட்டுச் செல்கிறது’ என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ‘குருடனுக்குக் குருடன்’ என்ற வசனத்தில் அதே லீட் ‘வழிகாட்டினால்’ ஆகிறது.

இயேசு கற்பித்த ‘கர்த்தர் கற்பித்த ஜெபத்தில்’, எங்களைச் சோதனைக்குள் லீட் செய்யாதேயும் என்று வேண்டும் வரியில்தான் உண்மையான சிரமம். கிரேக்க வினைக்கு ‘உள்ளே கொண்டு வருதல்’ என்று பொருள். லத்தீன் அதை ‘உள்ளே நடத்துதல்’ ஆக்கியது. ஆங்கிலத்திலும் லீட். கடவுளே கையைப் பிடித்துச் சோதனைக்குள் அழைத்துப் போவது போல் ஆகிவிட்டது. பிரான்ஸ் கத்தோலிக்கத் திருச்சபை தன் பிரெஞ்சு வாசகத்தை 2017 டிசம்பர் 3 முதல் ‘நுழைய விடாதேயும்’ என்ற பொருளில் மாற்றியது. தமிழில் ‘சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று நடையே இல்லாத வினை இருப்பதால், அழைத்துப் போகும் காட்சி எழுவதில்லை.

சொற்பிறப்பிலும் ஓர் ஒற்றுமை. லீட் பழைய ஜெர்மானிய மொழியில் ‘போ’ என்ற வினையின் பிறவினை, அதாவது போகச் செய். நமக்கு நட, நடத்து. ‘லீட் எ லைஃப்’, ‘வாழ்க்கை நடத்து’ இரண்டும் ஒரே உருவகம். அங்கே தைரியமாக நேராக எழுதலாம். ‘குட் நாட் பிரிங் மைசெல்ஃப் டு டெல்’ என்பதும் அப்படித்தான்: ‘சொல்ல மனம் வரவில்லை’.

அச்சுப்படி:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு. ‘பிரிங் அப்’ மூன்று இடத்தில் மூன்று மாதிரி வருகிறது. ‘லெட்’ என்று படிக்க வேண்டிய லீட் ஒன்றும் இருக்கிறது போல.

நடுப்பக்கம்:
குழந்தை பாலை பிரிங் அப் செய்தால் ‘கக்கினால்’. டாக்டரிடம் பிரிங் அப் செய்யுங்கள் என்றால் ‘டாக்டரிடம் பேச்செடுங்கள்’. தாத்தா பாட்டி பிரிங் அப் செய்த பிள்ளை ‘தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை’. அப் என்ற துணைச்சொல்லை வைத்துப் பிரிக்க முடியாது, பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்.

‘லெட் எக்ஸ்போஷர் கேன் லீட் டு அனீமியா’ என்று இருந்தால் முதல் சொல் ஈயம். எழுத்து இரண்டுக்கும் ஒன்றே, அதனால் இயந்திர மொழிபெயர்ப்பில் இந்த வரியைத் தனியாகச் சரிபாருங்கள். ‘ஈயம் உடம்பில் சேர்ந்தால் இரத்தசோகை வரலாம்’. ஈசிஜி பகுதியில் ‘12 லீட்’ வந்தால் ‘12 ஒயர்’ என்று எழுதிவிடாதீர்கள். உடம்பில் ஒட்டுவது 10 எலக்ட்ரோடுதான். லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கிற பதிவு, அப்படி 12 கோணம். அந்தச் சொல்லை ‘லீட்’ என்றே விட்டுவிடுங்கள், டெக்னீஷியன் சொல்வதும் அதைத்தான்.