பட்டியலில் ‘ஆஃப்’, ரேக்கில் ‘ஆன்’: சர்வர்களின் மின்நிலையை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது?

உட்லண்ட்ஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தை செங் வட்டாரத்தில் உள்ள ஒரு தரவு நிலையத்தில் எங்கள் நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கும் மூன்று ரேக்குகளில் 46 சர்வர்கள் இருக்கின்றன. அவற்றுள் 30 கணக்கீட்டு வேலைக்கானவை. அவை பகலில்தான் நிறைந்து ஓடும். மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னதால், இரவு 10 மணிக்கு மேல் வேலையில்லாத சர்வர்களை அணைத்துக் காலை 7 மணிக்கு மீண்டும் எழுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. சர்வர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் ஐ.பி.எம்.ஐ நெறிமுறைக்கான ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவியை வரிசையாக அழைக்கும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். கட்டளை பிழையின்றி முடிந்தால், தரவுத்தளத்தில் அந்தச் சர்வருக்கு நேரே ‘ஆஃப்’ என்று அது பதிந்துவிடும்.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. சென்ற மாதம் ஒரு சர்வரில் நினைவகத் தகடு மாற்ற வந்த ஒப்பந்தத் தொழில்நுட்பர், அது அணைந்திருக்கிறதா என்று என்னைத் தொலைபேசியில் கேட்டார். நான் பட்டியலைப் பார்த்து ‘ஆம்’ என்றேன். அவர் இரண்டு மின்வடங்களையும் உருவிய நொடியில், சுற்றிக்கொண்டிருந்த விசிறிகள் இறங்கி நின்ற ஓசை தொலைபேசி வழியாகவே என் காதில் விழுந்தது. முந்தைய இரவு எங்கள் குழுவில் ஒருவர் ஏதோ சோதனைக்காக அதை இணையக் கன்சோலிலிருந்து இயக்கியிருக்கிறார். என் பட்டியலுக்கு அது தெரியாது. ஒரு கோப்பு அமைப்பைப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாக அதற்கு மேல் இழப்பு இல்லை.

என் கேள்வி இதுதான்: மின்நிலையைக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் ஒரு மென்பொருள் எப்படி அமைந்திருக்க வேண்டும்? நிரலைத் திருத்துவதா, ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றை நிறுவுவதா?

பழைய கன்சோல்:

தம்பி, உங்கள் நிரலில் ஒரே ஒரு தவறுதான் இருக்கிறது. மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. நீங்கள் இட்ட கட்டளையையே கண்ட நிலையாக எழுதிக்கொண்டீர்கள். ஐபிஎம்ஐடூலுக்கு அணைக்கும் கட்டளை கொடுத்ததும் ‘சேஸிஸ் பவர் கண்ட்ரோல்: டவுன்/ஆஃப்’ என்று ஒரு வரி வருகிறதே, அது சர்வர் அணைந்துவிட்டது என்பதற்கான சான்று அன்று, கட்டளையை பி.எம்.சி (சர்வர் அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து அதை நிர்வகிக்கும் தனிச் சில்லு) ஏற்றுக்கொண்டது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. அதே வேலைக்கான புதிய தரமான ரெட்ஃபிஷிலும் அப்படித்தான். 202 என்றோ 204 என்றோ விடை வந்தால், விண்ணப்பம் வாங்கப்பட்டது என்று பொருளே தவிர, வேலை முடிந்தது என்று பொருள் இல்லை. ‘சாஃப்ட்’ கட்டளையாக இருந்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அது இயங்குதளத்திடம் ‘தயவுசெய்து மூடு’ என்று கேட்பதோடு சரி. இயங்குதளம் உறைந்து போயிருந்தாலோ, மின்பொத்தான் நிகழ்வைப் புறக்கணிக்கும்படி யாராவது அமைத்திருந்தாலோ, விடியும்வரை சர்வர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே, ஒரு சர்வருக்கு ‘நிலை’ என்று ஒரே புலம் வைக்காமல் மூன்றாகப் பிரித்துவிடுங்கள். நாம் விரும்பும் நிலை ஒன்று, பி.எம்.சியிடம் கேட்டு அறிந்த நிலை ஒன்று, அதை அறிந்த நேரம் ஒன்று. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நேரமில்லாத நிலை வெறும் வதந்திதான். உங்கள் தொழில்நுட்பர் கேட்டபோது திரையில் ‘ஆஃப், 9 மணி நேரத்திற்கு முன் பார்த்தது’ என்று இருந்திருந்தால், நீங்கள் ‘ஆம்’ என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அடுத்தது, விடை வராத நிலை. ஐ.பி.எம்.ஐ, போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யு.டி.பி முறையில், 623ஆம் துறையில் (போர்ட்) பேசுவது. பொட்டலம் தொலைந்தால் தொலைந்ததுதான். பி.எம்.சி அவ்வப்போது தானே மறுதொடக்கம் ஆவதும் உண்டு; அப்போது ஓரிரு நிமிடம் அது பேசாது, ஆனால் சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எனவே விடை வராவிட்டால் ‘தெரியாது’ என்றுதான் எழுத வேண்டும். அதை ‘ஆஃப்’ என்று எழுதும் நிரலை நான் ஒரு முறை அல்ல, மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன். தெரியாத நிலையில் உள்ள சர்வருக்கு எந்தக் கட்டளையும் தானாகப் போகக் கூடாது. ஒரு மனிதர் பார்த்த பிறகே போக வேண்டும்.

‘சைக்கிள்’ கட்டளையைப் பற்றியும் ஒரு சொல். மின்சாரத்தைக் குறைந்தது ஒரு நொடி நிறுத்தி மீண்டும் கொடுப்பது அது. ஏற்கெனவே அணைந்திருக்கும் சர்வரில் அதற்கு எந்த விளைவும் இருக்கக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் எல்லா பி.எம்.சியும் விதிப்படி நடப்பதில்லை. முதலில் நிலையைக் கேளுங்கள், ‘ஆன்’ என்றால் மட்டுமே அனுப்புங்கள். ஐபிஎம்ஐடூலின் கையேடே இதைத்தான் பரிந்துரைக்கிறது.

பச்சை விளக்கு:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் அவற்றையெல்லாம் கையால் எழுதினால் ஓராண்டில் உங்கள் நிரல் நீங்களே தொட அஞ்சும் ஒன்றாகிவிடும். இந்தப் பிரச்சினையைப் பலர் ஏற்கெனவே தீர்த்திருக்கிறார்கள்.

ஓப்பன்ஸ்டாக் என்ற மேகக்கணினித் தொகுப்பில், சர்வர்களை நிர்வகிக்கும் அயர்னிக் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு சர்வருக்கும் இப்போதைய மின்நிலை, இலக்கு மின்நிலை என்று இரண்டு புலங்களை வைத்திருக்கிறது. இயல்பாக 60 நொடிக்கு ஒரு முறை பி.எம்.சியிடம் கேட்டு ஒப்பிடுகிறது. பலமுறை கேட்டும் விடை வராவிட்டால் அந்தச் சர்வரைப் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. பதிவும் உண்மையும் முரண்படும்போது யார் பேச்சு எடுபட வேண்டும் என்பதை அது நம்மிடமே விட்டுவிடுகிறது. பதிவே ஆணை என்று வைத்தால், உங்கள் நண்பர் இரவில் இயக்கிய சர்வரை மென்பொருள் அடுத்த நிமிடமே அணைத்திருக்கும். அவருடைய சோதனை பாழாகியிருக்கும். உண்மையே பதிவாகட்டும் என்று வைத்தால், பட்டியல் தானாகத் திருந்தியிருக்கும். மனிதர்கள் கையால் இயக்கும் வழக்கம் உள்ள உங்கள் இடத்துக்கு இரண்டாவதே பொருந்தும்.

இருப்பினும், 46 சர்வர்களுக்காக அயர்னிக் நிறுவுவது கொசுவை அடிக்கப் பீரங்கி கொண்டுவருவது போலத்தான். உங்கள் 30 சர்வர்களும் கணக்கீட்டுக்கானவை என்றீர்கள். அவற்றில் வேலைகளை வரிசைப்படுத்திச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஸ்லர்ம் மென்பொருள் ஓடுகிறதா? ஓடினால் உங்களுக்குத் தனி மென்பொருளே தேவையில்லை. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் அணைக்கலாம், எந்த நிரலைக் கொண்டு அணைப்பது, எதைக் கொண்டு எழுப்புவது என்று மூன்று வரி அமைத்தால் போதும். வேலை வரிசையில் சேர்ந்ததும் தேவையான சர்வரை அது தானே எழுப்பும். ஆனால் எழுந்து சேர அது இயல்பாகத் தரும் அவகாசம் 60 நொடிதான். இன்றைய சர்வர்கள் நினைவகச் சோதனை முடித்து இயங்குதளம் வருவதற்குள் ஐந்து நிமிடம்கூட ஆகிவிடுகிறது. அந்த அவகாசத்தைக் கூட்டாவிட்டால், நன்றாக இருக்கும் சர்வரையும் அது பழுதானதாகக் குறித்துவிடும்.

தோ பாயோ தம்பி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வலையமைப்பு வழியே ஒரு ‘மாயப் பொட்டலம்’ அனுப்பி எழுப்பும் வேக்-ஆன்-லேன் முறையைப் பயன்படுத்தினால் பி.எம்.சி தொல்லையே இல்லையே? என் வீட்டில் உள்ள இரண்டு பழைய சர்வர்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

பழைய கன்சோல்:

வீட்டுக்குப் போதும் தம்பி. அந்த மாயப் பொட்டலம் எழுப்ப மட்டுமே தெரிந்தது. அணைக்கவும் தெரியாது, எழுந்ததா என்று திரும்பிச் சொல்லவும் தெரியாது. கேள்வி கண்காணிப்பைப் பற்றியது என்பதால் அது இங்கே உதவாது.

கேட்டவருக்கு இன்னும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். முதலாவது, காலை 7 மணிக்கு 30 சர்வர்களையும் ஒரே நொடியில் எழுப்புகிறீர்களா? எழும்போது விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும், வட்டுகள் ஒருசேர உருளும், மின்வழங்கிகள் தொடக்கத்தில் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். நம் ஊரில் 230 வோல்ட். ஒரு ரேக்குக்கு ஏ, பி என இரண்டு 32 ஆம்பியர் தடங்கள் வந்தால் 64 ஆம்பியர் கிடைக்கிறது என்று கணக்குப் போடக் கூடாது. ஒரு தடம் போனால் முழுச் சுமையும் மற்றதில் ஏறும். ஆகவே இரண்டும் சேர்ந்தே 32ஐத் தாண்டக் கூடாது. சேமிப்பகத்தை முதலில் எழுப்பி, அது பேசத் தொடங்கியதை உறுதி செய்துகொண்டு, மற்றவற்றை நான்கு நான்காக, சில நொடி இடைவெளியில் எழுப்புங்கள். அணைக்கும்போது இதற்கு நேர் எதிர் வரிசை.

இதோடு தொடர்புடையது மின்தடைக்குப் பிந்தைய நடத்தை. மின்சாரம் போய்த் திரும்பினால் சர்வர் எப்போதும் எழ வேண்டுமா, முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா என்பது ஒவ்வொன்றின் பயாஸிலும் (தொடக்க அமைப்பு நிரல்) தனித்தனியாக இருக்கும். ஐபிஎம்ஐடூலின் ‘பாலிசி’ கட்டளையாலும் அதை மாற்றலாம். எல்லாம் ‘எப்போதும் எழு’ என்று இருந்தால், நீங்கள் போட்ட நான்கு நான்கு வரிசைக்கு அந்த நாளில் மதிப்பே இருக்காது. கணக்கீட்டுச் சர்வர்களை ‘அணைந்தே இரு’ என்று வைத்து, எழுப்பும் பொறுப்பை மென்பொருளுக்கு விடுவது என் வழக்கம்.

இரண்டாவது, தொழில்நுட்பர் வடத்தை உருவுவதற்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பு. பி.எம்.சி ‘ஆஃப்’ என்றால் மட்டும் போதாது. மின்பகிர்வுப் பட்டையில் அந்த இரண்டு துளைகளின் வாட் அளவையும் பாருங்கள். அணைந்த சர்வரும் பி.எம்.சிக்காகச் சிறிது மின்சாரம் இழுக்கும். ஆகவே சுழியம் காட்டாது. ஆனால் ஓடும் சர்வருக்கும் அணைந்ததற்கும் உள்ள வேறுபாடு அதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இரண்டு சான்றுகளும் ஒத்துப்போனால்தான் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். சர்வரின் முகப்பில் உள்ள அடையாள விளக்கையும் தொலைவிலிருந்தே ஒளிரச் செய்யலாம். பக்கத்து சர்வரின் வடத்தை உருவும் பிழைக்கு அதுவே மருந்து.

பச்சை விளக்கு:

பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். ஐ.பி.எம்.ஐ 2.0 வெளிவந்தது 2004இல். அதன் உள்நுழைவு முறையில், பயனர் பெயர் தெரிந்த எவரும் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்பட்ட சிதறல் மதிப்பைக் (ஹாஷ்) கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து உடைத்துப் பார்க்கலாம். இது நெறிமுறையிலேயே உள்ள ஓட்டை என்பதால் மென்பொருள் திருத்தம் போட்டு அடைக்க இயலாது. பி.எம்.சிகளைத் தனி வி.எல்.ஏ.என்-இல் (பிரித்து வைத்த மெய்நிகர் வலையமைப்பு) வைத்து, மின்நிலை மென்பொருள் ஓடும் ஒரு சர்வருக்கு மட்டும் அங்கே வழிவிடுங்கள். ரெட்ஃபிஷ் உள்ள சர்வர்களில் ஐ.பி.எம்.ஐயை அணைத்தே விடலாம். டி.எம்.டி.எஃப் என்ற தர அமைப்பு 2015இல் வெளியிட்ட தரம் அது, எச்.டி.டி.பி.எஸ் வழியே ஜேசன் என்ற தரவு வடிவில் பேசும் என்பதால் பைத்தானுக்கும் எளிது. ‘ஆன்’, ‘ஆஃப்’ தவிர ‘பவரிங் ஆன்’, ‘பவரிங் ஆஃப்’ என்ற இடைநிலைகளும் அதில் உண்டு. எந்தெந்த மீட்டமைப்பு வகைகளை ஏற்கும் என்பதையும் சர்வரே பட்டியலிட்டுச் சொல்லும்; தயாரிப்புக்குத் தயாரிப்பு அது வேறுபடுவதால், அனுமானிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மேலிடத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தால், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட பசுமைத் தரவு நிலையத் திட்டத்தைக் காட்டுங்கள். கட்டடத்தின் குளிரூட்டலை மட்டுமல்லாமல், உள்ளே ஓடும் கருவிகளின் மின்பயன்பாட்டையும் அது பேசுகிறது. சும்மா ஓடும் சர்வரை அணைப்பதை விட மலிவான சிக்கனம் வேறில்லை.

உட்லண்ட்ஸ்வாசி:

அனைவருக்கும் நன்றி. ஸ்லர்ம் எங்களிடம் இல்லை. எனவே நிரலையே திருத்தினேன். மூன்று புலங்கள் வைத்தேன். ஒரு நிமிடத்திற்கு ஒரு முறை கேட்கிறேன். முரண்பட்டால் கண்டதே பதிவாகிறது, எனக்கு ஒரு செய்தியும் வருகிறது. எழுதும்போது இன்னொன்றும் தெரிய வந்தது: சில பி.எம்.சிகளின் கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் ஓடுகிறது. பதிவேட்டில் மாலை 6.40 என்று இருந்தது உண்மையில் மறுநாள் அதிகாலை 2.40. இதைக் கண்டுபிடிப்பதற்குள், மாலை 6.40க்கு அலுவலகத்தில் இருந்த ஒரு பாவப்பட்ட பயிற்சி ஊழியரை நான் ஐயப்பட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பழைய மாதிரி 8 சர்வர்கள், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் எழுப்பும்போதும், சரியாக அரை நிமிடம் ‘தெரியாது’ என்று காட்டிவிட்டுப் பிறகு சரியாகிவிடுகின்றன. பி.எம்.சி பழுதா?

பழைய கன்சோல்:

அந்த எட்டிலும் பி.எம்.சிக்குத் தனி வலைத்துளை இல்லாமல், சர்வரின் முதல் வலைத்துளையையே பகிர்ந்துகொள்ளும்படி அமைத்திருப்பார்கள். மின்நிலை மாறும்போது அந்தத் துளையின் இணைப்பு ஒரு கணம் விழுந்து எழும். சுவிட்ச் அதைப் புதிய இணைப்பாகக் கருதி, வலையமைப்பில் சுழல் உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ விதிப்படி 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, அதன் பிறகே போக்குவரத்தைத் திறந்துவிடும். உங்கள் அரை நிமிடம் அதுதான். அந்தத் துளைகளை மட்டும் சுவிட்சில் விளிம்புத் துளைகளாக, அதாவது இந்தக் காத்திருப்பு இல்லாமல் உடனே திறப்பவையாக, மாற்றிவிடுங்கள். வேறு சுவிட்ச் எதுவும் அவற்றில் செருகப்படவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:

ஐயா, அதேதான். எட்டில் ஏழு சர்வர்களுக்கு மாற்றியாயிற்று. இப்போது அணைத்தாலும் எழுப்பினாலும் ஓரிரு நொடியில் விடை வந்துவிடுகிறது. எட்டாவதன் துளையில் யாரோ ஒரு சிறிய சுவிட்சைச் செருகி வைத்திருக்கிறார்கள். அது யாருடையது என்று தெரியும்வரை அந்த ஒரு சர்வருக்கு மட்டும் தானியங்கிக் கட்டளைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன்.