45,000 பவுண்டுக்குள்: பென்ட்லி கான்டினென்டல் ஜிடி வி8-ஆ, ஆடி ஆர்8-ஆ?

வடக்குலண்டன்காரன்:

கார் வாங்க 45,000 பவுண்ட், வாங்கிய பின் வரும் செலவுக்கென ஒதுக்கியது 6,000. பட்டியலில் மிஞ்சியது இரண்டுதான். 2012–13 பென்ட்லி கான்டினென்டல் ஜிடி வி8, அல்லது 2008–10 ஆடி ஆர்8 4.2.

ஓட்டம் வருடத்துக்கு 6,000 மைல். கோடையில் ஒரு நீண்ட பயணம் உண்டு: காரை ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் கலே, அங்கிருந்து பாசல், பிறகு சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, கிரிம்சல் மலைப்பாதைகள். மீதியெல்லாம் வார இறுதியும் லண்டன் நெரிசலும். பிள்ளைகளுக்கு 7, 10 வயது. வீட்டில் வேறு கார் இருக்கிறது, ஆனாலும் இதில் அவர்களையும் ஏற்ற முடிந்தால் நல்லது. எது அழகு என்று கேட்கவில்லை. எதில் என்ன உடையும், எது எனக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

இரட்டைடர்போ:

"ஏற்ற முடிந்தால் நல்லது" என்ற அந்த ஒரு வரியிலேயே பாதி முடிவாகிவிட்டது. ஆர்8-இல் இரண்டே இருக்கை. ஆக, பிள்ளைகளில் ஒருவர் எப்போதும் வீட்டில்தான். ஜிடியின் பின் இருக்கை பெரியவர்களுக்கு வதை. 7, 10 வயதுக்குப் போதும், நீங்கள் ஆறடிக்கு மேல் இல்லையென்றால். பூஸ்டர் சீட்டைக் கையோடு எடுத்துப் போய், உங்கள் இருக்கையை நீங்கள் ஓட்டும் நிலையில் வைத்துப் பின்னால் பொருத்திப் பாருங்கள். கடைக்காரர் முன் சங்கடப்பட வேண்டாம்.

ஒரு சட்ட நுணுக்கம். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை வேண்டும். சுவிட்சர்லாந்தில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர். பெரிய பிள்ளை இங்கே பூஸ்டர் இல்லாமல் உட்காரும் உயரமாக இருந்தாலும் பாசலைத் தாண்டியதும் தேவைப்படும்.

காரைப் பற்றி: 4.0 லிட்டர் இரட்டை டர்போ, 507 குதிரைத்திறன், 660 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 1,700 சுற்றிலேயே. எட்டு கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக். மெல்ல ஓட்டும்போது நான்கு சிலிண்டர் தூங்கிவிடும். டேங்க் 90 லிட்டர். மோட்டார்வேயில் 100 கிமீக்கு 12, 13 லிட்டர் என்று வைத்தால், கலேயில் நிரப்பிப் பாசல் வரை கிட்டத்தட்ட நிற்காமல் போகலாம். டிக்கி 358 லிட்டர்.

உடைவது எது? முதலில் டர்போவுக்கு எண்ணெய் போகும் வழியில் உள்ள சின்ன வலை வடிகட்டி. இந்த என்ஜினில் டர்போ இரண்டும் 'வி' வடிவில் நிற்கும் இரு சிலிண்டர் வரிசைகளின் நடுவே, அடுப்பு மேல் சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் கருகிப் படிந்து வலையை அடைத்தால் டர்போ பேரிங் எண்ணெய் இல்லாமல் தேயும். இதே குடும்ப என்ஜின் உள்ள ஆடி எஸ்6, ஆர்எஸ்7 கார்களிலும் இதே கதை. வலை மலிவு, அதை எடுக்கும் கூலிதான் விலை. அதனால் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகளை எண்ணாதீர்கள், எண்ணெய் மாற்றிய தேதிகளைப் பாருங்கள். மைல் குறைவு என்று இரண்டு மூன்று வருடம் மாற்றாமல் விட்ட கார், 60,000 மைல் ஓடி வருடாவருடம் மாற்றிய காரைவிட மோசம். வலை மாற்றிய பில் இருந்தால் 500 பவுண்ட் கூடக் கொடுக்கலாம்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன், முன் சக்கரங்களைப் பிடிக்கும் கீழ்க்கைகளின் ரப்பர் புஷ்கள். கிட்டத்தட்ட 2,300 கிலோ எடை. தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கேட்டட்கியர்:

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் வேறு கார் இருக்கிறது என்கிறார். அப்படியென்றால் பின் இருக்கைக்காக வருடம் முழுக்க இரண்டேகால் டன்னைச் சுமக்க வேண்டுமா? ஃபுர்கா, கிரிம்சல் கொண்டை ஊசி வளைவுகளில் 1,560 கிலோ ஆர்8-க்கும் பென்ட்லிக்கும் உள்ள தூரம் காகிதத்தில் தெரியாது. 420 குதிரைத்திறன்தான், ஆனால் டர்போ இல்லாமல் 8,000 சுற்றைத் தாண்டிப் பாடும் என்ஜின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

வாங்கினால் திறந்த கேட் (கியர் தண்டு நகரும் பள்ளங்கள் வெளியே தெரியும் உலோகத் தகடு) வைத்த ஆறு கியர் மேனுவல் மட்டும் வாங்குங்கள். அந்த வருடங்களில் வந்த தானியங்கி ஆர் ட்ரானிக் கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்ட்டரோ இரட்டை கிளட்சோ கிடையாது. சாதாரண ஒற்றை கிளட்சைப் பெடலுக்குப் பதில் ஹைட்ராலிக் பம்ப் மிதிக்கிறது, அவ்வளவுதான். நெரிசலில் ஊர்ந்தால் அரைக் கிளட்சிலேயே ஓடி எரியும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸைப் பின்பக்கமாக இறக்க வேண்டும். இரட்டை கிளட்ச் எஸ் ட்ரானிக் 2013 மாடலில்தான் வந்தது, அது உங்கள் பணத்துக்கு மேலே போய்விடும்.

நீங்கள் கேட்ட "எது உடையும்" பட்டியல்:

மேக்னெடிக் ரைட் ஷாக் அப்சார்பர். உள்ளே இரும்புத் துகள் கலந்த எண்ணெய், மின்காந்தம் அதன் இறுக்கத்தை மாற்றும். சீல் போனால் கசியும். பழுது பார்க்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். நான்கும் மாற்றினால் உங்கள் 6,000-இல் பெரிய துண்டு போகும். சக்கரத்தை உள்ளே திருப்பி டார்ச் அடித்து ஷாக் அப்சார்பரின் உடம்பில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். வி8-இல் இது கூடுதல் விலைக்கு வந்த வசதி. அது இல்லாத கார் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே நினைக்கலாம்.

கார்பன் படிவு. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பெட்டி) மூச்சுக் குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அங்கே படிந்து தார் மாதிரி இறுகும். காலையில் ஐட்லிங் தடுமாறும், மேல் சுற்றுகளில் இழுவை குறையும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வதே சரியான வழி. பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் புட்டி அந்த இடத்துக்குப் போகவே போகாது, காசை வீணாக்காதீர்கள்.

டயர். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு: 235/35, 295/30, இரண்டும் 19 அங்குலம். ஒரே நிறுவனம், ஒரே ரகம், நெருக்கமான தேய்மானம் வேண்டும். முன் டயருக்கும் பின் டயருக்கும் சுற்றளவு விகிதம் மாறினால் முன் அச்சுக்கு விசை தரும் விஸ்கஸ் கப்ளிங் ஓயாமல் வழுக்கிச் சூடாகி வீணாகும்.

சாமான் இடம்: முன்னால் 100 லிட்டர், இருக்கைக்குப் பின்னால் ஒரு தட்டு. மென்மையான பைகள் என்றால் இருவருக்கு ஒரு வாரம் தாராளம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை மறந்துவிடுங்கள்.

ஈலிங் அண்ணை:

தம்பி, ரெண்டு பேரும் என்ஜினைப் பற்றியே கதைக்கினம். முதல்ல அளவு நாடாவை எடுத்து கராஜ் வாசலை அளந்து பாருங்கோ. பழைய வீடுகளில வாசல் ஏழடி, கிட்டத்தட்ட 2.13 மீட்டர்தான் இருக்கும். பென்ட்லி பக்கக் கண்ணாடியோட சேர்த்து 2.23 மீட்டர். கண்ணாடியை மடிச்சு உள்ள விட்டாலும் அந்த நீளக் கதவைத் திறந்து இறங்க இடம் வேணும். நீளமும் 4.8 மீட்டர், இங்கத்தைய பார்க்கிங் கட்டத்தின்ர வழமையான நீளமும் அதே 4.8 தான். ஆர்8 சின்னக் கார் எண்டு நினையாதேங்கோ, உடம்பு 1.9 மீட்டர் அகலம். ஆனா நீளம் 4.43 தான், அந்த வித்தியாசம் வடிவாத் தெரியும்.

சுரங்க ரயில் பெட்டிக்குள்ள ரெண்டு பக்கமும் உயர்ந்த விளிம்பு இருக்கு. அகலமான, டயர் சுவர் குறைஞ்ச கார் எண்டா சில்லின்ர ரிம் உரஞ்சிப் போடும். செக்-இன்லயே சொல்லி அகலப் பெட்டியில விடச் சொல்லிக் கேளுங்கோ. இது ரெண்டு காருக்கும்தான்.

ரோட் டாக்ஸ் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான். வரி கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு எண்டதை வச்சு. ஆர்8 255 கிராமுக்கு மேல, அதால கடைசிப் பட்டை. பென்ட்லி வி8 246 கிராம் எண்டபடியால் ஒரு பட்டை கீழ. பாரமான கார் குறைச்சுக் கட்டுது, வேடிக்கைதான். இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் ரெண்டுக்கும் எடுத்துப் போட்டுக் காரைப் பார்க்கப் போங்கோ. டிராக்கர் பூட்டினால்தான் தருவம் எண்டு சொல்லுற கம்பெனிகள் இருக்கு.

இன்னொண்டு. இதே பென்ட்லி 12 சிலிண்டர் டபிள்யூ12 என்ஜினோட மலிவாக் கண்ணில பட்டா அந்தப் பக்கமே போகாதேங்கோ. என்ஜின் அறைக்குள்ள கை நுழைய இடமில்லை. ஒரு வெக்யூம் குழாய் வெடிச்சாலும் என்ஜினை வெளிய இறக்கச் சொல்லுவினம்.

வடக்குலண்டன்காரன்:

கராஜ் வாசல் 2.29 மீட்டர், தப்பித்தேன். ஏர் சஸ்பென்ஷன் நல்லதா கெட்டதா என்று வாங்குமுன் எப்படித் தெரிந்துகொள்வது? மலையிறக்கத்தில் பென்ட்லி பிரேக் தாங்குமா?

இரட்டைடர்போ:

சஸ்பென்ஷனுக்கு அளவு நாடாவும் ஒரு இரவும் போதும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஏர் ஸ்பிரிங் கசிகிறது. கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும், ஒரு பில் இரண்டாகும். இரவு நிறுத்த விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காருமே ஃபோக்ஸ்வாகன் குடும்பம், ஆகவே காரின் கணினியைப் படிக்கும் விசிடிஎஸ் கேபிளும் லேப்டாப்பும் இரண்டிலும் வேலை செய்யும். பிழைக் குறிகளை முழுதாக ஸ்கேன் செய்து சேமித்துக்கொள்ளுங்கள். பென்ட்லியில் டிக்கியில் இரண்டு பேட்டரி, ஒன்று ஸ்டார்ட்டருக்கு, மற்றது மீதி எல்லாவற்றுக்கும். பேட்டரி தளர்ந்தாலே சம்பந்தமில்லாத பத்து எச்சரிக்கை கொட்டும். அதனால் முதலில் சார்ஜ், பிறகு ஸ்கேன். டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக்: டிஸ்க் பெரியது, தாங்கும், எண்ணெய் புதிதாக இருந்தால். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியது நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு மேலானால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள கியர் துடுப்பை இழுத்து இரண்டு, மூன்றாம் கியரில் பிடியுங்கள். கார்பன் செராமிக் பிரேக் வைத்த காரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். டிஸ்க் மாற்றும் நிலை வந்தால் உங்கள் 6,000 போதாது.

மூன்றாம்வழி:

இருவர் சண்டைக்கு நடுவே போர்ஷே 911-ஐ ஒருவரும் சொல்லவில்லையே. அதில் 997 என்ற தலைமுறையின் இரண்டாம் பதிப்பு, 2009-க்குப் பின் வந்தது. முன்னால் பெட்டி, பின்னால் பிள்ளைகளுக்கு இரண்டு கிண்ண இருக்கை. பிள்ளைகள் இல்லாதபோது அதை மடித்தால் 205 லிட்டர் சாமான் இடம். முந்தைய கரேராவில் பயமுறுத்தும் ஐஎம்எஸ் (என்ஜினின் இடைத்தண்டு) பேரிங் இதன் என்ஜினில் கிடையவே கிடையாது. 997 டர்போ என்றால் மட்டும் கூலன்ட் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். அவை பசையால் ஒட்டப்பட்டவை, வயதாகி விட்டுக்கொடுத்தால் ஓடும்போதே கூலன்ட் முழுதும் பின் சக்கரத்தின் மேல் கொட்டும். வெல்டிங் செய்து பில் வைத்திருக்கும் கார்தான் வேண்டும்.

கேட்டட்கியர்:

911 நியாயமான பேச்சு, ஆனால் 135 சென்டிமீட்டர் பிள்ளை அந்தக் கிண்ணத்தில் பாசல் வரை உட்காராது. பென்ட்லி, ஆர்8 இரண்டில் ஒன்று என்றால் என் கணக்கு இதுதான்: கோடைப் பயணம் குடும்பத்தோடு என்றால் பென்ட்லி வி8, பேச்சே இல்லை. இருவர் மட்டும் என்றால் மேக்னெடிக் ரைட் இல்லாத மேனுவல் ஆர்8. இதை முதலில் வீட்டில் கேட்டு முடிவு செய்துவிட்டு வாருங்கள். ஆர்8 பார்க்கப் போனால் டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் குறித்து வாருங்கள், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். டயரின் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரப்பரில் ஃபுர்கா ஏறக் கூடாது. அப்படியென்றால் நான்கு டயர் விலையை விற்பவர் கேட்கும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.